ரெண்டு மூடி ரம், ரெண்டு மணி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மூணு அண்ணன் தம்பிகள். பெரியவன் கலியபெருமாள், நடுவுலவன் ஆதிமூலம், கடைசி சின்னமணி. மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் சொல்வார்கள். அந்த ஒன்றை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கலியபெருமாளுக்கு வயசு நாற்பத்தொன்று. இருபத்திரண்டு பெண் பார்த்து, இருபத்திரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். இருபத்துமூணாவது, யாமினி. ஹோட்டலில் சாக்லேட் செய்கிற பெண். அவள் ஒரு கடுதாசி கொடுத்தனுப்பினாள்: "ரம் சாக்லேட் உருண்டை எப்படிச் செய்வதென்று கீழே எழுதியிருக்கிறேன். எழுதினதை எழுதினபடி செய்கிற ஆள்தான் எனக்கு வேணும். ஞாயிறு சாயங்காலம் அப்பாவோடு வருகிறேன்."

பாவம், யாரிடம் போய் என்ன கேட்டிருக்கிறாள் பாருங்கள்!

ஞாயிறு காலையில் மூணு பேரும் குளித்து, விபூதி பூசி, அடுப்புக்கு முன்னால் நின்றார்கள். முதல் வரி: க்ரீமை ஒரு கொதி வந்ததும் இறக்கவும்.

"அண்ணே, மூணு குமிழி வந்துடுச்சு!" என்று அலறினான் சின்னமணி.

"ஒண்ணுதானடா எழுதியிருக்கு. மீதி ரெண்டையும் அமுக்கு!"

ஆதிமூலம் கரண்டியால் அமுக்கினான். அமுக்க அமுக்க ஐம்பது வந்தது. க்ரீம் பாதி அடுப்பில் வழிந்துபோக, மிச்சத்தைச் சாக்லேட் துண்டுகள் மேல் ஊற்றிக் கலக்கினார்கள்.

அடுத்த வரி: ரம் ரெண்டு மூடி போடவும்.

"ஒரு பாட்டிலுக்கு ஒரு மூடிதானே இருக்கு?" என்றான் கலியபெருமாள்.

ஓடிப்போய் இன்னொரு பாட்டில் வாங்கிவந்தார்கள். ரெண்டு மூடியையும் திருகி, சோப்புப் போட்டுக் கழுவி, சாக்லேட்டுக்குள் போட்டார்கள்.

"பாட்டில்ல இருக்கிறதை என்னா பண்றது?"

"அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

எழுதாததைச் செய்யக்கூடாதல்லவா? ரெண்டு பாட்டிலையும் வாசல் சாக்கடையில் கவிழ்த்தான் ஆதிமூலம். எதிர்வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வரி: ஃப்ரிட்ஜில் ரெண்டு மணி வைக்கவும். 'நேரம்' என்று ஒரு வார்த்தை சேர்க்க அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை. இந்த மாதிரி ஜென்மங்கள் படிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"பூசை மணியா இருக்குமோ?" என்றான் ஆதிமூலம்.

"சாமி மணியை ஃப்ரிட்ஜ்ல வெச்சா தெய்வக் குத்தம்டா."

"அப்ப ஆளுதான்."

ரெண்டு பேரும் மெதுவாகத் திரும்பிச் சின்னமணியைப் பார்த்தார்கள்.

"நான் ரெடிண்ணே. உங்க கல்யாணத்துக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?" என்றான் அவன். சொன்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தட்டுகளையெல்லாம் உருவிப்போட்டு, சாக்லேட் பாத்திரத்தை மடியில் கொடுத்து, அவனை உள்ளே மடக்கி உட்காரவைத்தார்கள். முட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் கதவு மூடவில்லை. சாக்லேட் ரசம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு மணி வேணுமேடா!" என்று கலியபெருமாள் தலையைப் பிய்த்துக்கொண்டான். தெருத் தெருவாகத் தேடினார்கள். டீக்கடை மணி விஷயத்தைக் கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு ஓடிப்போனான். கேஸ்காரர் வீட்டு மணிக்கு நாலு கால், அதுவும் கடித்துவிட்டது.

சாயங்காலம் ஆகிவிட்டது. "இதுவும் போச்சுடா," என்று கலியபெருமாள் கூடத்தில் உட்கார்ந்து விசும்பினான். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பட்டுப்புடவையில் யாமினி. அவளுக்கு முன்னால் வாட்டசாட்டமாக ஒரு பெரியவர், கைகூப்பியபடி உள்ளே வந்தார்.

"வணக்கம் மாப்ளே. நான் பொண்ணோட அப்பா, தெய்வமணி."

கலியபெருமாள் ஆதிமூலத்தைப் பார்த்தான். ஆதிமூலம் ஃப்ரிட்ஜைப் பார்த்தான்.

"மாமா! உங்களுக்காகத்தான் காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கோம்," என்று ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரைச் சமையலறைக்கு நடத்திப் போனார்கள்.

ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து பல் தந்தியடிக்க ஒரு குரல் வந்தது: "வாங்க மாமா, நான் கொஞ்சம் ஒதுங்கிக்கறேன்."