முதல் பரிவட்டம்

வெகு காலத்துக்கு முன்னே, கேளுங்கள், நெடும்பாறை என்று ஒரு கோட்டை இருந்தது. சுற்றிலும் அகழி, அகழியில் முதலை. முதலைக்குப் பல் விழுந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதை எதிரிகளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கோட்டையை ஆண்டவர் பொறையராயர். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசியதில்லை, யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை, யார் முகமும் வாட விட்டதில்லை. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கோட்டைக்குத்தான் வேண்டியிருந்தது.

அறுவடை முடிந்ததும் அக்கரை மன்னன் படையோடு புறப்பட்டுவிட்டான் என்று செய்தி வந்தது. தோற்ற ஊரை அவன் என்ன செய்வான் என்பது ஊரறிந்த விஷயம். வீட்டுக்குத் தீ, ஆளுக்கு விலங்கு.

நெடும்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. போர் வந்தால், கோட்டையம்மன் சன்னதியில் ஒருவர் தலையில் முதல் பரிவட்டம் கட்ட வேண்டும். அந்தப் பட்டுத்துணி தலையில் ஏறும்வரை அகழியில் மண்வெட்டி படக்கூடாது, கொல்லன் உலையில் அம்பு முனை காயக்கூடாது, மதிலில் ஒரு கல் ஏறக்கூடாது. இன்னாருக்குக் கட்டு என்று ராயர் சொல்ல வேண்டும். அவருக்கு இருந்த வேலையே அதுதான்.

கோட்டைக்கு மூன்று வாசல். வாசலுக்கு ஒரு தலைவர். மூவருக்கும் தலை இருந்தது, அதுதான் சிக்கல்.

முதல் ஆலோசனை கூடியது.

"சூரியனே என் வாசல் வழியாகத்தான் ஊருக்குள் வருகிறான்" என்றார் கிழக்கு வாசலார்.

"வந்தவன் எந்தப் பக்கம் போய்ப் படுக்கிறான் என்று கேளும்" என்றார் மேற்கு வாசலார்.

"பாட்டன் காலத்துப் போரில் யானை வந்து முட்டியது எங்கள் கதவில். உங்கள் கதவில் ஓர் ஆடாவது முட்டியதுண்டா?" என்றார் வடக்கு வாசலார்.

ராயர் மூன்று முகங்களையும் பார்த்தார். மூன்றும் வாடுகிற மாதிரி இருந்தது. "நாளைக்குப் பேசுவோமே" என்றார். தூரத்தில் புழுதி எழும்பியது.

இரண்டாவது ஆலோசனையில் ராயர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மூன்று பூசாரிகள், மூன்று பட்டு, மூவருக்கும் ஒரே நேரத்தில் கட்டுவது. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: "நடுவில் யார் நிற்பது?" அதோடு முடிந்தது. வெளியே கூடாரம் அடிக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாவது ஆலோசனையில் ராயர் இன்னும் பெரிய வழி கண்டுபிடித்தார். மனிதர் யாருக்கும் வேண்டாம், கோயில் காளைக்குக் கட்டிவிடலாம். காளை சம்மதித்தது. ஆனால் அது மேற்கே பார்த்து நின்றது. "அப்படியானால் என் வாசலுக்கு அது காட்டுவது என்னவாம்?" என்று கிழக்கு வாசலார் எழுந்து போய்விட்டார். எதிரிப் படை சமைக்கும் வாசனை மதில் தாண்டி வந்தது. நன்றாகவே இருந்தது.

ராயரின் மனைவி குழலி நாச்சியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஒரு பெயர் சொல்லுங்கள். எந்தப் பெயரானாலும் சரி."

"மற்ற இருவர் மனம் நோகுமே, நாச்சியார்."

"நோகட்டும். உயிரோடு இருக்கிறவனுக்குத்தானே மனம் நோகும்?"

ராயர் யோசித்தார். யோசனை அவருக்குக் கைவந்த கலை.

இவ்வளவு சத்தமாக நடக்கும் ரகசிய ஆலோசனை வெளியே கேட்காமலா இருக்கும்? மறுநாள் காலை அக்கரை மன்னனின் முரசறைவோன் கோட்டையைச் சுற்றி வந்தான். "முதலில் கதவைத் திறப்பவருக்கு எங்கள் மன்னர் தம் கையாலேயே முதல் பரிவட்டம் கட்டுவார்" என்று மூன்று வாசலிலும் அறைந்துவிட்டுப் போனான்.

அந்த மூவரில் ஒருவரும் துரோகி இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். 'செத்தாலும் திறக்கமாட்டேன்' என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார். 'ஆனால் அந்த இருவரில் ஒருவன் திறந்துவிட்டால்? என் வம்சம் இரண்டாவதாகப் போய் நிற்பதா?' என்றும் நினைத்தார். உச்சிவேளைக்குள் மூன்று தாழ்ப்பாளும் விலகின.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் ஊர் எரிந்துகொண்டிருந்தது. சனங்கள் வெளியே வரிசையாக நின்றார்கள், காலில் விலங்கோடு. வரிசையில் நாச்சியாரும் இருந்தாள். அவள் ராயரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கரை மன்னன் வாக்குத் தவறாதவன். கையில் பட்டோடு வந்து ராயரிடம் கேட்டான். "இவர்களில் யார் முதலில் திறந்தது? நீரே சொல்லும்."

மூன்று முகங்கள் ஆவலோடு ராயரைப் பார்த்தன. ராயர் அந்த முகங்களைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். "முதல் ஆலோசனை நடந்த அன்றைக்கே திறந்துவிட்டேன். இவர்கள் தாழ்ப்பாளைத்தான் எடுத்தார்கள்."

நெடும்பாறையின் சரித்திரத்திலேயே முதன்முறையாக, மூன்று வாசல் தலைவர்களும் ஒன்றுசேர்ந்து ஒரே குரலில் பேசினார்கள்.

"ராயரே, இது அநியாயம். அந்த மரியாதை எங்களுடையது."

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: எல்லோருக்கும் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு முடிவைத் தள்ளிப்போடுகிற தலைவன், தன்னை நம்பிய எல்லோரையும் கைவிட்டவன் ஆகிறான்.