முப்பது விநாடிச் சட்டம்

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா மேடத்தின் கம்ப்யூட்டர் கம்பெனியில் கொம்பையா, இசக்கி, பேரின்பம், தாணு என்று நாலு பேர். நல்ல பிள்ளைகள்தான், மூளை ஒன்றுதான் கொஞ்சம் தகராறு. நெட்வொர்க்கில் பெரிய செய்தி துண்டு துண்டாக வரும். அதை ஒட்டவைக்கும் புரோகிராம் எழுதுவது அவர்கள் வேலை.

"துண்டு முன்னப்பின்ன வரும்," என்று மேடம் சொல்லியிருந்தார். "எல்லாம் வந்தப்புறம் வரிசையாச் சேர்த்து மேல அனுப்புங்க. முதல் துண்டு வந்து முப்பது விநாடிக்குள்ள மிச்சம் வரலைன்னா, வந்ததையும் தூக்கிப் போட்டிருங்க. அனுப்புனவங்க மறுபடி முழுசா அனுப்பட்டும்."

புரோகிராம் அருமையாக ஓடியது. சட்டமும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, படகுகளுக்கு ரேடியோப் பெட்டி செய்கிற சங்கரபாண்டியன் ஆபீசில் அதை ஓட்டிக்காட்ட வேண்டும். இந்த ஆர்டர் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான். மேடம் முன்னாலேயே போய் நாலாவது மாடியில் காத்திருந்தார். இங்கே ஆட்டோக்காரர் நாலு பேரை ஏற்ற மாட்டேன் என்றார். உடனே ஆளுக்கொரு நம்பரை நெஞ்சில் குத்திக்கொண்டு தனித்தனி ஆட்டோவில் கிளம்பினார்கள்.

நாலாம் நம்பர் தாணு முதலில் சங்கரபாண்டியன் ஆபீஸ் வாசலுக்கு வந்தான். பின்னாலேயே ஒன்றும் இரண்டும். மூன்றாம் நம்பர் பேரின்பம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டான்.

"முப்பது ஆயிட்டுலே," என்றான் இசக்கி.

"இன்னும் ஒரு நிமிஷம் நிப்பமா?" என்றான் தாணு.

"நம்ம எழுதுன சட்டத்தை நம்மளே மீறுனா மிஷின் நம்மள மதிக்குமாலே?" என்றான் கொம்பையா.

நியாயம்தானே. மூவரும் திரும்பிப் போனார்கள். பிறகு வந்த பேரின்பமும் தனியாக நின்று முப்பது எண்ணிவிட்டுத் திரும்பினான். மேடம் போன் செய்தபோது, "வந்துட்டுப் போயிட்டோம் மேடம், மறுபடி முழுசா வாறோம்," என்றார்கள். மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாம் தடவை நாலு பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். மணி பதினொன்றரை. வரிசையாகக் கைகோத்துக் கீழே லிப்ட் முன்னால் நின்றார்கள். கதவு திறந்து, பொறுமை இழந்த சங்கரபாண்டியன் வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க மொத்தம் எத்தனை பேரு?" என்று கேட்டான் கொம்பையா.

"மூணு பேரு. மத்த ரெண்டு பேரும் உங்க மேடத்தோட பின்னால வாராங்க."

கொம்பையா வாட்சைப் பார்க்க ஆரம்பித்தான். அது மெதுவான லிப்ட்.

அடுத்த தடவை கதவு திறந்தபோது, மேடம் அந்த இரண்டு பேரோடு இறங்கினார். "முதலாளி எங்கப்பா?"

"முப்பது விநாடி பார்த்தோம் மேடம். யாரும் வரலை. தூக்கி ஆட்டோவுல போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டோம். மறுபடி முழுசா வரச் சொல்லியிருக்கு."

தாணு மேடத்துக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரையும் கவலையோடு பார்த்தான்.

"ரெண்டு துண்டு வந்திருக்கு. இசக்கி, எண்ண ஆரம்பிலே."