நடுங்கிய பிணம்

லெனர்ட் விக்ஸ் என்ற ஆங்கிலேய இயக்குநர் முதல் படத்திலேயே ஓஹோவென்று பேர் வாங்கியவர். அடுத்த மூன்றும் ஊத்திக்கொண்டன. பிறகு சோப்பு விளம்பரம், பிஸ்கட் விளம்பரம். எழுபது வயதில் டிவியில் போலீஸ் சீரியல். வாரத்துக்கு ஒரு கொலை.

அந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோவில்பட்டி செண்பகவல்லி கடல் தாண்டி வந்து, அவரிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தாள். வருஷங்கள் ஓடிவிட்டன. மற்றவர்கள் எல்லாம் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு வாய் வராது. சார்தான்.

அன்றைக்கு வடக்கு இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரையில் படப்பிடிப்பு. தூறல் விட்டபாடில்லை. பிணமாக நடிக்க வந்தவர் சேற்றில் குப்புறக் கிடந்தார். கேமரா ஓடினால் போதும், பிணம் வெடவெடவென்று நடுங்கியது.

"கட்," என்றார் விக்ஸ். குரலில் ஜீவனே இல்லை.

செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை.

"சார், நான் இன்னையோட கிளம்புறேன்."

"எங்கே?"

"ஊருக்கு. அந்தப் படத்தை எடுத்த மனுஷன் இங்க சேத்துல நிக்கிறீங்க. பாக்கப் பாக்க எனக்கு அழுகையா வருது. உங்களுக்கே இந்தக் கதின்னா நான் எங்க சார் படம் எடுக்கப் போறேன்?"

"எனக்கும் அலுத்துத்தான் போச்சும்மா."

"நழுவாதீங்க. நான் என்னைக்காவது இயக்குநர் ஆவேனா, மாட்டேனா? அதைச் சொல்லுங்க, போயிடுறேன்."

விக்ஸ் கீழே கிடந்தவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார்.

"வேன்ல ஹீட்டர் ஓடுது. போய் சூடா டீ குடிங்க."

"இன்னும் கொஞ்ச நேரத்துல வெளிச்சம் போயிடும் சார்! இப்ப பிணத்துக்கு எங்க போறது?"

அவர் அந்த மனிதரின் ஈரக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். முட்டியைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, "அப்பாடா" என்று அதே இடத்தில் குப்புறப் படுத்தார்.

"ஐயையோ! என்ன சார் இது? எந்திரிங்க!"

"முகம் தெரியப் போறதில்லையே."

அவர் நடுங்கவில்லை. கேமராக்காரர் அவளைப் பார்த்தார். மைக் பிடித்தவரும் பார்த்தார். மொத்தக் கூட்டமும் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தது.

சேற்றில் மண்டியிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"சார், கேமராவைத் தூரத்துல வைக்கட்டுமா, கிட்டத்துல வைக்கட்டுமா?"

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"பிணத்துக்கிட்டப் போய்க் கேக்குறியேம்மா."