பத்து தவசிமணி சேர்ந்தால் ஒரு பேச்சித்தாய்

பத்து மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும் என்று அறிவித்திருந்த நாள் அது. தவசிமணியின் மாவு மில்லில் மெஷின் பக்கத்திலிருந்து வாசல் வரை ஆறு பாத்திரங்கள் வரிசையில் இருந்தன. மணி ஒன்பதே முக்கால். ஓடிக்கொண்டிருந்த கேப்பை முடிந்தால், இன்னும் ஒரே ஒரு பாத்திரத்துக்குத்தான் நேரம். முதலில் இருந்தது பேச்சித்தாயின் தூக்குவாளி. மறுநாள் மகளுக்கு வளைகாப்பு. முறுக்குக்கு அரிசி கொண்டுவந்து ஏழரையிலிருந்து கால்கடுக்க நிற்கிறாள். கடைசியில் இருந்தது கொம்பையா அண்ணாச்சியின் தகர டின். நடுவில் கோதுமையோடு இருந்த நான் ஆசையை விட்டுவிட்டேன். அண்ணாச்சி விடவில்லை. பேச ஆரம்பித்தார்.

"வரிசைன்னா என்னன்னு எங்கிட்ட கேளுங்க. நத்தப்பொட்டலுக்கும் காக்காப்பொட்டலுக்கும் நடந்த சண்டையை யாரு தீத்து வச்சா? எந்த ஊர்ல கருவேல முள்ளு அதிகமோ, அந்த ஊருதான் தேர் வடத்தை முதல்ல தொடணும்னு பேச்சு. எண்ண ஆள் வேணும்னு காரு அனுப்பி என்னைக் கூட்டிட்டுப் போனாவ. பல்லு வெளக்குததுக்குள்ள ஒரு ஊரு. காப்பி ஆறுததுக்குள்ள மறு ஊரு."

"முள்ளையா எண்ணுனிய?" என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார் தவசிமணி.

"பின்ன இலையையா? அதெல்லாம் சின்னப்பிள்ளை வேலைவே. கேளும். லட்சம் தாண்டுச்சு, கோடி தாண்டுச்சு, கோடி கோடியும் தாண்டுச்சு. எண்ணுல அதுக்கு மேல உள்ள இடத்துக்கு வைக்கப் பேரே இல்லை. விடுவனா? நம்ம ஊர்க்காரங்க பேரை வச்சேன். பத்து கோடி கோடி ஒரு தவசிமணி. பத்து தவசிமணி ஒரு பேச்சித்தாய்."

தவசிமணிக்கு முகம் சுருங்கியது. "நான் என்ன அவளைவிடக் குறைச்சலா?"

"ஒம்பது தவசிமணியைக் கொண்டாந்து நிறுத்துனாலும் ஒரு பேச்சித்தாய்க்குக் காணாது. இடம் அப்படி."

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எனக்கு மேல யாரு அண்ணாச்சி?"

"ஒனக்கு மேல ஒன் மாமியா."

அதோடு சிரிப்பு நின்றது. அண்ணாச்சி தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எழுதக் காகிதம் பத்தலை. மதுரையிலருந்து கோவில்பட்டி வரைக்கும் நாலுவழிச் சாலையில ஒரு பக்கம் பூரா சுண்ணாம்பால நத்தப்பொட்டல் எண்ணு. மறுபக்கம் காக்காப்பொட்டல் எண்ணு. தலை மதுரையில, வாலு கோவில்பட்டியில. கமா போடச் சுண்ணாம்பு இல்லை. கடைசி மூணு இலக்கம் விட்டு ஒரு ஆடு, அப்புறம் ரெண்டுக்கு ஒரு ஆடுன்னு படுக்கப் போட்டேன்."

"ஆடு எந்திரிச்சுப் போயிட்டா?" என்றேன் நான்.

"போனாப் போகுது. ஆடு நகந்தா எண்ணு மாறாதுய்யா. வாசிக்கவனுக்குத்தான் மூச்சு முட்டும். ரெண்டு வாத்தியாரு மயங்கியே விழுந்தாவ. இப்ப ரெண்டுல எது பெருசு? முதல்ல நீளம் பாத்தேன். ரெண்டும் ஒரே நீளம். காக்காப்பொட்டல் நாட்டாமை கோவில்பட்டியில நின்னுக்கிட்டு, 'எங்களுது ஒம்பதுல முடியுது, அவுகளுது எட்டுல முடியுது, நாங்கதான் பெருசு'ங்காரு. 'வாலைப் பாக்காதேரும், தலையைப் பாரும்'னேன். இந்தா, பாத்திரத்தை வச்சே சொல்லுதேன்."

குனிந்து தன் டின்னைத் தூக்கினார். "மெஷின் பக்கம் தலை. வாசல் பக்கம் ஒண்ணாம் இடம். அங்க கிடந்தா இது வெறும் ஒம்பது. இங்க கொண்டாந்து வச்சா ஒம்பது லட்சம்!" டின் பேச்சித்தாயின் வாளிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, டின்னு!"

"விளக்கத்துக்குத் தாயி, விளக்கத்துக்கு. மதுரையிலருந்து ஒவ்வொரு இலக்கமாப் பாத்துக்கிட்டே பஸ்ஸுல வாரேன். ஏழுக்கு ஏழு. மூணுக்கு மூணு. திருமங்கலம் சமம். விருதுநகர் சமம். சாத்தூர் சமம். கோவில்பட்டிக்கு வந்து கடைசி இலக்கம். ஒரு பக்கம் எட்டு, ஒரு பக்கம் ஒம்பது!"

"அதைத்தான அந்த நாட்டாமை அப்பவே சொன்னாரு?" என்றேன்.

"சொன்னது சரி. முறை தப்பு. ஒத்த முள்ளு வித்தியாசத்துக்கு அரிவாளைத் தூக்கிட்டானுவ. நான் செருப்பைக் கழட்டுனேன். குதிங்கால்ல ஒரு முள்ளு! நத்தப்பொட்டல் முள்ளு. புடுங்கி வச்சேன், சமமாப் போச்சு. ரெண்டு ஊரும் சேந்து இழுத்த இழுப்புல தேரு ராமேஸ்வரம் கடல்ல போய்த்தான் நின்னுச்சு. அப்பேர்ப்பட்ட ஆளு வாசப்படியில நிக்கலாமாவே?"

கேப்பை முடிந்தது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. எனக்குப் பேச்சித்தாயைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தவசிமணி நேரம் பார்த்துக்கொண்டே முன்னால் இருந்த டின்னைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் ஆளே பின்னால் சாய்ந்தார். திறந்து பார்த்தால், உள்ளே ஒரு மணி கோதுமை இல்லை.

"வீட்டுல காயுதுவே," என்றார் அண்ணாச்சி மெதுவாக. "ஒங்க மதினி இந்தா கொண்டாந்துருவா. இடம் பிடிக்கத்தான்..."

பேச்சித்தாய் தன் வாளியை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, எண்ணுக்கு முன்னால சைபரைக் கொண்டாந்து வச்சா எம்புட்டு மதிப்பு?"

அரிசி மெஷினுக்குள் விழுந்தது. அவளே டின்னை எடுத்துப்போய் வாசலோரம் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அவள் மாவை அள்ளி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மெஷின் அடங்கிய பிறகு, டின் பக்கத்தில் குத்தவைத்திருந்த அண்ணாச்சியின் குரல் நன்றாகவே கேட்டது.

"சைபரு கடைசிக்கு வந்ததும் நீங்க எல்லாரும் பத்து மடங்கு ஆயிட்டிய. நன்றி கெட்ட ஊரு. ஒருத்தரும் நெனைச்சுப் பாக்கலையே."