பச்சை வந்த பாலம்

"எதுக்கு மேடம் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?"

வந்த வேகத்தில் இன்பசேகரன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மரகதவல்லியிடம் படித்து, அவர் தலைவராக இருக்கும் பொறியியல் துறையிலேயே விரிவுரையாளர் ஆனவன். பாலம் வடிவமைக்கக் கற்றுத்தரும் மென்பொருள் ஒன்றைச் சோறு தண்ணி பார்க்காமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருந்தான். இன்று மாலைக்குள் அவர் ஒப்புக்கொண்டால் பாடத்திட்டத்தில் சேரும். இல்லாவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான். அவர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் கடிதம் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மென்பொருள். மாணவர்கள் திரையில் பாலம் வரைவார்கள். தாங்காது என்றால் சிவப்பு. கட்டையின் பருமனை விரலால் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். தாங்கும் என்றால் பச்சை. வகுப்பே கைதட்டும்.

"பிள்ளைங்க கத்துக்கிறாங்களா?" என்றார் மரகதவல்லி.

"எல்லாருக்கும் பச்சை வருது மேடம்."

"நான் அதைக் கேக்கல."

அவனுக்குச் சுருக்கென்றது.

"உங்க காலத்து ஆளுங்களுக்குக் கம்ப்யூட்டர்னாலே ஆகாது," என்று சொல்லியே விட்டான்.

அவர் கோபிக்கவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வா."

ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் விட்டுச் சோதிக்கும் கால்வாய் காய்ந்து கிடந்தது. ஆளுயர ஆழம். அடியில் சிமெண்ட் தரை. குறுக்கே, மூன்றாமாண்டு மாணவி ரெஜினா செய்த மரப்பாலம். அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

"இதுக்குப் பச்சை வந்ததாம்மா?"

"உடனே வந்துடுச்சு மேடம். ஒரு ஆள் தாராளமா நடக்கலாம்."

மரகதவல்லி செருப்பைக் கழற்றினார். போன மழைக்காலத்தில்தான் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவர். தடியை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டு ஒரு காலைப் பாலத்தின்மேல் வைத்தார்.

மரம் முனகியது.

இன்பசேகரன் குனிந்து பார்த்தான். அடிக்கட்டை நடுவில் இரண்டு துண்டாக இருந்தது. ஆணி இல்லை, இரும்புப் பட்டை இல்லை, வெறும் பசை. பாரம் ஏறினால் பிய்த்துக்கொள்ளும் இடமே அதுதான்.

"மேடம், ஏறாதீங்க."

"ஏன்? உன் பச்சைதானே?"

மறுகாலையும் தூக்கினார்.

அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இத்தனை வருஷத்தில் அவர் எதிரே உட்கார்ந்துகூடப் பேசாதவன், பிடித்த கையை விடவில்லை.

"யாரும்மா இதை ஒட்டினது?" என்று ரெஜினாவிடம் கத்தினான்.

"நான்தான் சார். கட்டை நீளம் பத்தல."

"நடுவுல போய் ஒட்டுவாங்களா? அங்கதான் பிய்யும்னு தெரியாது?"

"கட்டை ஒண்ணா ரெண்டான்னு கம்ப்யூட்டர் கேக்கவே இல்லையே சார். பச்சை வந்துச்சு. நீங்களும்தானே கைதட்டினீங்க."

இன்பசேகரன் பிடித்திருந்த மேடத்தின் கையை மெல்ல விட்டான்.

மரகதவல்லி செருப்பை மாட்டிக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"எங்கே அந்தக் கடிதம்? கொடு, போட்டுடறேன்."

இன்பசேகரன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.