துண்டு போட்டுப் பிடித்த வசிப்புரிமை

மண்டைக்குளத்தில் புத்திசாலிகளே கிடையாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. இருந்தார்கள். உக்கிரபாண்டி, சொரிமுத்து, மாடக்கண்ணு மூன்று பேரையும் வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தது அவர்கள்தான். அன்றைக்கு ஊரே பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து, பஸ் கண்ணுக்கு மறையும்வரை கையசைத்தது. நம்மேல் ஊருக்கு இத்தனை பாசமா என்று மூவரும் தென்காசி வரைக்கும் அழுதுகொண்டே போனார்கள். பஸ் திரும்பி வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஊர் கலைந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்த நாட்டின் பெயர் பனிக்கரை. அங்கே வருஷத்தில் எட்டு மாதம் பனி கொட்டும். மீதி நாலு மாதம், பனி எப்போது கொட்டும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். மூவரும் ஒரு பிஸ்கட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பதினோரு வருஷம் அடுப்புச் சூட்டில் வெந்த பிறகு, அந்த நாட்டு அரசாங்கம் மனமிரங்கி ஆளுக்கு ஒரு நிரந்தர வசிப்புரிமை அட்டை கொடுத்தது.

சொரிமுத்து தன் அட்டையை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவை அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தான். தினமும் காலையில் அரிசியைக் கிளறி, அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பான். அந்த அட்டை போய்விட்டால் மண்டைக்குளத்துக்குத்தான் திரும்ப வேண்டும். மண்டைக்குளம் அவனைச் சேர்த்துக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கை பேச்சியம்மாள் போன் பண்ணினாள்.

"அண்ணே, தன்யஸ்ரீக்கு அஞ்சு வயசு ஆகப் போவுது. தாய்மாமன் மடியில உக்காத்தாம காது குத்த மாட்டேன்னு இத்தன வருசமா நிக்கேன். அவ பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளையும் கம்மல் போட்டிருக்கு. இந்தத் தையில நீ வரலன்னா, எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்லைன்னு நெனச்சுக்கிடுதேன்."

சொரிமுத்து போனை வைத்துவிட்டு, அரிசியைக் கிளறி அட்டையை இன்னொரு தடவை பார்த்தான். போகாவிட்டால் தங்கை போய்விடுவாள். போனால் அட்டை போய்விடும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் உக்கிரபாண்டி அவனை மங்கையர்க்கரசி என்ற வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனான். மூவரில் மூத்தவன் உக்கிரபாண்டி. யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான் என்பதால் அறிவாளி என்று பெயர் வாங்கியிருந்தான்.

வக்கீலம்மா பொறுமைசாலி. "பயப்படாதீங்க சொரிமுத்து. மூணு வாரம்தானே? ஆறு மாசத்துக்கு மேலே ஆளைக் காணோம்னாதான் அட்டைக்கு ஆபத்து. உங்க இடம் இங்கேதான்னு தெரியணும், அவ்வளவுதான். கரண்ட் உங்க பேர்ல ஓடட்டும். உங்க பேருக்குக் கடிதம் வரட்டும். திரும்பி வர்ற டிக்கெட்டைக் கையிலேயே வச்சுக்கோங்க. ஊருக்கு ஒரு விருந்தாளி மாதிரி போயிட்டு வாங்க. அங்கேயே குடியிருக்கிற மாதிரி தெரியக் கூடாது" என்றார்.

சாதாரண மனிதர்களுக்கு இது போதும். நம் ஆட்களுக்கு இது ரொம்ப அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் உக்கிரபாண்டி கண்ணை மூடினான். "ஏலே, நம்ம இல்லாத நேரத்துல நம்ம எடம் நம்மளதுன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

"துண்டு போட்டா தெரியும் அண்ணாச்சி" என்றான் மாடக்கண்ணு. அவன் ஊரில் இருந்தவரை பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு வீசி இடம் பிடிப்பதில் பேர்போனவன். சில நாள் இடம் பிடித்த சந்தோஷத்தில் பஸ்ஸில் ஏற மறந்துவிடுவான்.

"அதான் சட்டம்" என்றான் உக்கிரபாண்டி. "வக்கீலம்மா அதைத்தான் சுத்தி வளைச்சுச் சொல்லுதாவ."

சொரிமுத்து தன் சிவப்புக் கரைத் துண்டை எடுத்து, அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலிமேல் விரிக்கப் போனான். உக்கிரபாண்டி அவன் கையைத் தட்டிவிட்டான்.

"உள்ள நின்னு விரிச்சா அது துவைச்சுக் காயப்போட்ட துண்டு. வெளிய நின்னு ஜன்னல் வழியா வீசுனாத்தான்லே எடம்."

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. மூவரும் தெருவில் இறங்கி, முழங்கால் பனியில் நின்றுகொண்டு துண்டை மேலே வீசினார்கள். நாலு தடவை தலையிலேயே விழுந்தது. அதற்குள் நனைந்த துண்டு உறைந்து பலகையாகிவிட்டது. ஐந்தாவது வீச்சில் பலகை நன்றாகப் பறந்து, பக்கத்து வீட்டு இங்கெபோர்க் அம்மாளின் பால்கனியில் போய் விழுந்தது.

உக்கிரபாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கெட்டுது. இனிமே அவுக வீட்டுல உனக்கு நிரந்தர வசிப்புரிமை."

இங்கெபோர்க் அம்மாள் எண்பது வயதுக் கைம்பெண், தனியாக இருப்பவர். கல்யாணமாகாத சொரிமுத்து அங்கே குடியிருக்கிறான் என்று ஊருக்குச் செய்தி போனால் பேச்சியம்மாள் என்ன நினைப்பாள். அவன் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, பதற்றத்தில் தமிழிலேயே, "அம்மா, உங்க வீட்டுல எனக்குள்ள உரிமையை நான் விட்டுக்கொடுக்கேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. துண்டையும் ஒரு துண்டு கேக்கையும் கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து வீசி, துண்டு ஒருவழியாக நாற்காலியில் விழுந்தது. காவலுக்கு மாடக்கண்ணு. யார் வந்து கேட்டாலும் "ஆள் வருது" என்று மட்டும் சொல்ல வேண்டும். கரண்ட் ஓட வேண்டுமே என்று சொரிமுத்துவின் அறையில் விளக்கு, மின்விசிறி, மிக்ஸி மூன்றையும் போட்டுவிட்டார்கள். கடிதப் பொறுப்பை உக்கிரபாண்டி ஏற்றுக்கொண்டான். தினமும் ஒன்று எழுதித் தெருமுனைப் பெட்டியில் போடுவான். மறுநாள் அதுவே வீட்டுக்கு வரும். "அன்புள்ள சொரிமுத்துவுக்கு, நீ இங்கே நலம். அங்கேயும் நீ நலமாக இருப்பதாக அறிகிறேன்" என்று எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

சொரிமுத்து மண்டைக்குளத்தில் போய் இறங்கினான். தான் பிறந்து வளர்ந்த வீட்டுக் கதவைத் தட்டி, "வீட்டுல யாரும் இருக்காவளா? உள்ள வரலாமா?" என்று கேட்டான்.

ஓடிவந்த பேச்சியம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன அண்ணே, யாரோ மாதிரி கேக்க?"

"விருந்தாளி அப்படித்தான் கேக்கணும்" என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினான்.

அன்று முதல் அவன் விருந்தாளியாகவே இருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். இரண்டாவது இட்லி வைத்தால் "எதுக்குச் சிரமம்" என்றான். வெறுங்கையோடு விருந்தாளி வரக்கூடாது என்பதால், டீக்கடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடுதான் வாசலில் நின்று கதவைத் தட்டினான். அவன் ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பவன். ஐந்தாம் நாள் வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் பழம் கிடந்தது. பக்கத்துத் தெரு மாடுகளெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன.

டிக்கெட் எப்போதும் இடது கையில் இருந்தது. குளிக்கும்போது கையோடு சேர்த்து பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டான்.

காதுகுத்து நாள் வந்தது. தன்யஸ்ரீ மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டி வந்தாள். ஆசாரி ஊசியோடு தயார். "தாய்மாமன் உக்காரும்" என்று மணையைக் காட்டினார். சொரிமுத்து உட்காரவில்லை.

"என்னய்யா, நேரம் போவுதுல்லா?"

"உக்காந்தா எனக்கு இங்க எடம் இருக்குன்னு ஆயிரும் ஆசாரியாரே. பதினோரு வருசம் பட்ட பாடு."

கூட்டம் முணுமுணுத்தது. பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சொரிமுத்துவுக்கும் தாங்கவில்லை. பனிக்கரைக்குப் போன் போட்டான். பின்னணியில் மிக்ஸி ஓடும் சத்தத்தோடு உக்கிரபாண்டி பேசினான்.

"உக்காரவும் கூடாது, மடியும் வேணும், அப்படித்தான? ஏலே, ஒன் பெட்டி எங்க வாங்குனது?"

"பனிக்கரையில அண்ணாச்சி."

"அப்ப அது பனிக்கரைச் சாமான். அதுமேல உக்காந்தா பனிக்கரையில உக்காந்த கணக்குதான்."

பெட்டியைக் கொண்டுவந்து நட்டநடுவில் போட்டார்கள். சொரிமுத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். பிள்ளையின் தலையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், டிக்கெட்டைப் பல்லில் கவ்விக்கொண்டான். மடியில் அந்தச் சின்ன உடம்பு பயத்தில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது, இதற்காக எத்தனை அட்டை போனாலும் போகட்டும் என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டாள். டிக்கெட் வாயில் இருந்ததால் மாமன் சத்தமில்லாமல் அழுதான்.

இருபத்தோராம் நாள் பனிக்கரை விமான நிலையத்தில் இறங்கினான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அட்டையைப் பார்த்தார். அதில் நாலைந்து அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள்?"

"இருபத்தியொரு நாள்."

"இங்கே நிரந்தரமான இடம் இருக்கிறதா?"

"துண்டு போட்டிருக்கு" என்றான் சொரிமுத்து, அந்த நாட்டு மொழியில் தெளிவாக.

அதிகாரிக்கு அன்றைக்கு இன்னும் முந்நூறு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார். இருபத்தோரு நாளுக்கெல்லாம் அந்த நாட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. சொரிமுத்துவோ, துண்டுக்கு இத்தனை மரியாதையா என்று பூரித்துப் போனான்.

வீட்டுக்கு வந்து, மூன்று வாரப் பழக்கத்தில் கதவைத் தட்டினான். கையில் வாழைப்பழம் இருந்தது. மாடக்கண்ணு கதவைத் திறந்து, "வாங்க" என்று பழத்தை வாங்கிக்கொண்டான். சொரிமுத்து அப்பாடா என்று தன் நாற்காலியில் உட்காரப் போனான்.

"ஆள் வருது" என்றான் மாடக்கண்ணு.

"நான்தாம்லே அந்த ஆளு."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாவ. ஹீட்டர் பாக்க வந்தவரும் கொஞ்சம் உக்காரலாமான்னுதான் கேட்டாரு. விட்டனா?"

சத்தம் கேட்டு உக்கிரபாண்டி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினான். நீண்ட நேரம் மூடியிருந்தான்.

"பஸ்ஸுல ஒரு துண்டு கெடந்தா என்ன அர்த்தம்?"

"ஆளு இன்னும் ஏறலன்னு அர்த்தம்" என்றார்கள் இருவரும்.

"இங்க துண்டு கெடக்கா?"

"கெடக்கு."

"அப்ப சொரிமுத்து வரல."

"நான் துண்ட எடுத்துட்டா?" என்றான் சொரிமுத்து.

"அடுத்தவன் துண்ட எடுத்தா அடி விழும்லே. துண்டுக்காரன்தான் எடுக்கணும். நீரு பழத்தோட வந்து கதவத் தட்டியிருக்கீரு. விருந்தாளி. மாடக்கண்ணு, விருந்தாளிக்கு ஒரு காப்பி போடு."

சொரிமுத்து யோசித்துப் பார்த்தான். எங்கும் ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து காப்பியைக் குடித்தான்.

அதற்குப் பிறகு அவன் பெட்டிமேலேயே உட்கார்ந்து, பெட்டி ஓரமாகவே படுத்து, பிஸ்கட் ஆலைக்குப் போய்வந்து கொண்டிருந்தான். திரும்பும்போது மறக்காமல் பழம் வாங்கி வந்தான். அரசாங்கத்திலிருந்து சொரிமுத்து பேருக்கு வந்த கடிதங்களை மூவரும் பிரிக்காமல் துண்டின்மேல் அடுக்கி வைத்தார்கள். ஒருத்தர் பேருக்கு வந்ததை இன்னொருத்தர் பிரிப்பது முறையில்லை. மிக்ஸி மட்டும் ஒருநாள் புகைந்து நின்றது. மறுநாளே புதிதாக வாங்கிப் போட்டார்கள்.

ஆடி பிறந்தது. ஒருநாள் உக்கிரபாண்டி நாள்காட்டியைப் பார்த்துவிட்டு அதிர்ந்து நின்றான்.

"சொரிமுத்து ஊருக்குப் போயி அஞ்சு மாசமும் பத்து நாளும் ஆச்சு. இன்னும் ஆளக் காணோம். ஆறு மாசம் தாண்டுனா அட்டை போச்சு."

பெட்டிமேல் இருந்த சொரிமுத்து துள்ளி எழுந்தான். பதினோரு வருஷம் அடுப்பில் வெந்தது கண்முன் வந்தது. "ஏன் அண்ணாச்சி இப்படிப் பொறுப்பில்லாம இருக்கான்? தங்கச்சி வீட்டுலயே சாப்ட்டுக்கிட்டுக் கெடக்கானோ?"

"யாராவது போயிக் கையோட கூட்டிட்டு வரணும்" என்றான் உக்கிரபாண்டி. "நான் கடுதாசி எழுதணும். மாடக்கண்ணு துண்டுக்குக் காவல்."

இருவரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள்.

"நீதாம்லே போகணும். எங்க ரெண்டு பேரவிடவும் அவன் மூஞ்சி ஒனக்குத்தான் நல்லாத் தெரியும்."

அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையிலேயே சொரிமுத்து திரும்பி வரும் டிக்கெட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். படி இறங்கியவன், ஏதோ ஞாபகம் வந்து திரும்ப ஏறிவந்து கதவைத் தட்டினான்.

"அண்ணாச்சி, நான் அங்கிட்டுப் போன நேரத்துல அவன் இங்கிட்டு வந்துட்டான்னா, நான் வந்து சேருத வரைக்கும் எங்கயும் போயிராம இருக்கச் சொல்லுங்க."