முதலைக் கரையில் விழாத ஓட்டு

நாணற்குளத்தின் கிழக்குக் கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் இட்டு அடைகாத்து வந்தது. ஆபத்து வந்தால் கத்துவது அதன் வேலை. அது சும்மா இருந்தால் கரை பத்திரம் என்று நம்பி மிருகங்கள் தண்ணீர் குடிக்கும்.

அந்தக் கோடையில் காட்டுக்கு அதிபர் தேர்தல் வந்தது. முதலைக்கும் எருமைக்கும் போட்டி. ஓட்டுப் போடுவது சுலபம். முதலைக்கு என்றால் கிழக்குக் கரையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். எருமைக்கு என்றால் மேற்குக் கரையில்.

காட்டுக்குச் செய்தி சொல்வது மைனா. முதலை தன் கரையிலிருந்த அத்திமரத்தைப் பழத்தோடு மைனாவுக்குக் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான்!

"செய்திகள் வாசிப்பது மைனா! முதலையார் மாமிசத்தை விட்டுவிட்டார்! தாமரைக் கிழங்குதான் சாப்பிடுகிறார்! எருமை சேற்றில் வழுக்கி விழுந்தது!"

எருமை விழுந்தது ஒரே ஒரு தடவை. மைனா அதை ஒரு வாரம் சொன்னது. வறண்ட மேட்டில் எருமை ஊற்றுத் தோண்டிக் கொடுத்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள் விடியற்காலையில் ஒரு மான்குட்டி தனியாகத் தண்ணீருக்கு வந்தது. ஆள்காட்டி இரை பொறுக்கச் சற்றுத் தள்ளிப் போயிருந்தது. சளக்கென்று ஒரு சத்தம்! திரும்பிப் பார்த்தால் குட்டி இல்லை. முதலை மட்டும் மிதந்தது.

ஆள்காட்டி கத்துவதற்கு வாயைத் திறந்தது.

"ஏம்மா, அவசரப்படுகிறாய்?" என்றது முதலை. "உன்னைப் பொய் சொல்லச் சொன்னேனா? நாளைக்கு ஓட்டு முடிகிறவரை வாயை மூடிக்கொண்டிரு, போதும். குளத்து நடுவிலிருக்கும் திட்டு உனக்குத்தான். பாம்பு வராது, கீரி வராது. கத்தினாயோ, என் வால் இந்தப் பக்கம் ஒரு தரம் புரளும். முட்டையெல்லாம் கூழ்!"

ஆள்காட்டி தன் முட்டைகளைப் பார்த்தது. ஓடிப்போய் முட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டது. வாயைத் திறக்கவில்லை.

தாய்மான் குட்டியைத் தேடி வந்தது. "ஐயோ பாவம்! உன் பிள்ளையை எருமைக் கூட்டம் மிதித்துவிட்டதாம்!" என்றது மைனா, பழத்தை மென்றுகொண்டே. அப்போதும் ஆள்காட்டி பேசவில்லை. ஆனால் தாய்மான் அழுத அழுகை அதன் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் தாய்மான் தன் இன்னொரு குட்டியோடு கிழக்குக் கரைக்கு வந்தது. "என் பிள்ளையைக் கொன்ற எருமைக்கா ஓட்டு?" என்று பொருமியது. பின்னால் காடே வந்தது. தண்ணீருக்கு மேல் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

குட்டி முன்னால் துள்ளி வந்தது. ஆள்காட்டியின் வயிற்றுக்கடியில் முட்டைகள் கதகதப்பாக இருந்தன. 'நான் சும்மா இருப்பதை நம்பித்தானே இது கால் வைக்கிறது!' என்று ஆள்காட்டி நினைத்தது. அடுத்த கணம் விருட்டென்று எழுந்தது.

"நில்லு! நில்லு! தண்ணீரில் கால் வைக்காதே! உன் அண்ணனைத் தின்றது முதலைதான்! நேற்றே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்!"

முதலையின் வால் புரண்டது. இரண்டு முட்டைகள் நொறுங்கின.

ஆள்காட்டி அலறியது. ஆனால் நகரவில்லை. மிச்ச முட்டைகளுக்கு முன்னால் சிறகை விரித்து நின்றது. "அடி! இன்னும் இரண்டு இருக்கிறது, அடி! அப்போதும் கத்துவேன்!"

"ஒன்றுமில்லை! முதலையார் சோம்பல் முறித்தார்!" என்று மைனா அவசரமாகச் செய்தி வாசித்தது. "இந்தக் குருவி எருமையிடம் கூலி வாங்கியிருக்கிறது!"

தாய்மான் நொறுங்கிய முட்டைகளைப் பார்த்தது. பிறகு அத்திமரத்திலிருந்த மைனாவை அண்ணாந்து பார்த்தது.

"அப்படியா தம்பி? இறங்கி வா. உன் முதலையார் பக்கத்தில் நின்று நீ முதலில் ஒரு வாய் குடி. அப்புறம் நாங்கள் குடிக்கிறோம்."

மைனா கீழே பார்த்தது. அந்த இரண்டு கண்களும் மேலே பார்த்தன.

"எனக்கு... இப்போது தாகமில்லை அக்கா."

காடு முழுவதும் சத்தமில்லாமல் திரும்பி மேற்குக் கரைக்கு நடந்தது. எருமை ஜெயித்தது. முதலைக்கு மைனாவின் ஓட்டுகூட விழவில்லை!

கூலிக்குப் புகழ்கிறவனையும் கூலிக்கு வாய்மூடுகிறவனையும் நம்பினால் நம் பிள்ளைகளைத்தான் பலி கொடுப்போம். ஆகவே, நடுங்கிக்கொண்டாவது உண்மையை உரக்கச் சொல்ல வேண்டும்.